டீசல் சத்தத்துக்கு அடியில்

ஆர்லிஸ் கோஸ்மிக்கிக்குக் கை முந்தும், வாய் பிந்தும். நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கத்தில் ரோடியோ என்கிற காளைச்சவாரிப் போட்டி நடத்துகிற ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருமுறை காளைச்சவாரிக்காரன் ஒருவன், டிரெய்லரில் ஏற்றி அடைத்திருந்த காளையின் விலாவில் வேடிக்கைக்காக மின்சார ஷாக் கோலை வைத்து அழுத்தினான். ஆர்லிஸ் நேராக அவனிடம் போனாள். கையிலிருந்த கம்பால் அவன் மூக்கில் ஒன்று வைத்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் ரத்தம் ஒழுக ஒழுக ஷெரீஃபிடம் போய் நின்றான். ஷெரீஃப் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, இன்னொரு மூக்கு இருந்தால் அதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் கிளைட். ஆர்லிஸின் புருஷன் வெண்டெலோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன், பிறகு அவர்களிடமே வேலைக்குச் சேர்ந்தவன். அவர்களுடைய தொழில் துள்ளுகிற காளை வளர்ப்பது. கோடை முழுக்க ஊர் ஊராகக் காளைகளை இழுத்துக்கொண்டு போவோம். ஒருத்தன் அதன் முதுகில் எட்டு நொடி உட்கார்ந்துவிட்டால் கைதட்டல் அவனுக்கு. அதற்குள் காளை அவனைத் தூக்கி எறிந்துவிட்டால் பெருமை எங்களுக்கு. எறிந்தபின் சில காளைகள் திரும்பி வந்து மிதிக்கும். மிதிபட்டவர்களில் எழுந்து நடந்தவர்களும் உண்டு, நாங்கள் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆர்லிஸுக்கு வலது கட்டைவிரல் கிடையாது, கயிறு சுற்றிப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த விரலைத் தரையில் தேடிக்கொண்டு நிற்காமல் அவள் காளையை அடைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த வருஷம் குளிர் முடியும்போது அவர்களுடைய பழைய டீசல் பிக்கப் வண்டி இழுவையை விட்டுவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்கிக் கரும்புகை கக்கியது. மெக்கானிக் பானட்டை மூடிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி. சீசனுக்குள் வேறு வண்டி வாங்கவேண்டும், இல்லையென்றால் காளைகளை விற்கவேண்டும். அவர்கள் முன்னால் இருந்தது அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் டேட் ஓபர்மையர் வந்தான். டவுனில் வண்டி விற்கிறவன். மின்சார பிக்கப் ஒன்று கோடைக்குள் வரப்போகிறது, இழுவையில் டீசலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், இப்போதே பெயர் பதிந்துகொண்டால் முதல் வரிசை என்றான். வெண்டெல் அதிலேயே விழுந்துவிட்டான். வீட்டுக்கொட்டகையிலேயே சார்ஜ் போடலாம், டீசல் பங்க் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம், ஏற்றத்தில் வெண்ணெய் மாதிரி போகும் என்று கனவு காண ஆரம்பித்தான். ஆர்லிஸ் மசியவில்லை. டேட்டை மேஜைக்கு எதிரில் உட்காரவைத்து, மிளகாய்க் குழம்பும் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும் போட்டுக்கொண்டே குடைந்தெடுத்தாள். பின்னால் காளை இல்லாமல் எவ்வளவு தூரம் போகும், காளையோடு எவ்வளவு தூரம் போகும், எதிர்க்காற்று அடித்தால் எவ்வளவு? கடைசியில் அவன் உண்மையைச் சொன்னான்: இழுத்தால் பாதி தூரம்தான். அப்படியென்றால் நடுவழியில் சார்ஜ் போட உயிருள்ள காளைகளோடு நிற்கவேண்டும், டிரெய்லரைக் கழற்றிவைக்கவும் முடியாது, காளை என்ன சாமான் மூட்டையா என்று கேட்டாள். டேட் இன்னொரு ரோலை எடுத்துக் கடித்தான்.

ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. கம்பெனி விளம்பரத்துக்காக அனுப்பியிருந்த முன்மாதிரி வண்டி ஒன்று அவனிடம் இருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள் என்று, மேற்கே நடக்கவிருந்த ஒரு ரோடியோவுக்கு அதையே கொடுத்தனுப்பினான்.

பெரிய டிரெய்லரை அது இழுக்காது. சின்னதில் நாலு காளைகளை மட்டும் ஏற்றினோம். முன்பாதியில் பிரசங்கம் என்கிற கிழட்டு வெள்ளைக் காளை. பூசைக்கு வந்தவன் மாதிரி அடக்கமாக நிற்கும், ஆளை எறிந்த பிறகுதான் பிரசங்கம் ஆரம்பிக்கும். பின்பாதியில் ஜாமீன் என்கிற கறுப்பு இளங்காளையும் இரண்டு சிவப்பும். ஜாமீனை வெளியில் விட்டால் ஊருக்கு ஆகாது என்பதால் அந்தப் பெயர். நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. அதன் கயிறு டிரெய்லரின் பக்கச் சந்து வழியாக வெளியே தொங்கும். கயிற்றை இழுத்துப் பிடித்தால் கதவு திறந்திருக்கும், விட்டால் அறைந்து மூடும்.

வெண்டெல் ஓட்டினான். ஆர்லிஸ் பக்கத்தில், நான் பின்சீட்டில். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. அத்தனை பாரமும் பின்னால் இருக்க, ஏற்றத்தில் சர்ரென்று ஏறியது. வெண்டெல் முகம் மலர்ந்துபோனது. ஒரே ஒரு தொல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும். அந்த வேகம் மின்சாரமாகத் திரும்பி பேட்டரிக்குப் போகுமாம். காலைப் பட்டென்று எடுக்காதீர்கள், காளைகள் முன்னால் சரியும் என்று டேட் பலமுறை சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

போகப் போக நான் பின்பக்கமாகக் காதைத் தீட்டிக்கொண்டேன். டீசல் வண்டியில் அந்த உறுமலைத் தவிர ஒன்றும் காதில் விழாது. இதில் எல்லாம் விழுந்தது. பின்னால் காளை மூச்சுவிடுவது, குளம்பு மாற்றி வைப்பது, கொம்பைத் தகட்டில் தேய்ப்பது. நமக்கே கேட்டால் அவற்றுக்குக் கேட்காதா? இத்தனை வருஷமும் டீசல் சத்தம்தான் அவற்றைத் தாலாட்டி வைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு காளை நிற்பதே அவற்றுக்கு மறந்துபோகும். இப்போது ஜாமீன் மூக்கால் சீறுவதும், கதவுக்கு அந்தப் பக்கம் பிரசங்கம் பதிலுக்குச் செருமுவதும் கேட்டது. சண்டைக்கு முந்தின பேச்சு அது.

அடுத்தது வெண்டெலின் உதடு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் வெண்டெலின் உதடு அசையும். கண்ணாடியில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜெபமாலை சொல்கிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். மகன் டஸ்டின் செத்ததிலிருந்து அப்படி. பாதர் ஒருமுறை கோவிலில் எல்லோர் முன்னாலும் வெண்டெலை உதாரணமாகச் சொன்னார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஜெபிக்கிறவன் என்று. அந்த ஜெபம் என்னவென்று பக்கத்தில் உட்கார்ந்த பெண்டாட்டிக்கும் கேட்டதில்லை. டீசல் அப்படிப் போட்டு மூடும்.

வெண்டெல் பழக்கதோஷத்தில் உதட்டை அசைத்தான். குரல் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள் அது மாதாகோவில் மணி மாதிரி விழுந்தது.

“திறந்துட்டா. விடாதேன்னேன். திறந்துட்டா.”

ஆர்லிஸ் மெதுவாகத் திரும்பினாள்.

“என்ன சொன்னே?”

வெண்டெலின் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பியது. கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டியின் வேகம் சட்டென்று குறைந்தது. பின்னால் நாலு காளைகளும் மொத்தமாக முன்னுக்குச் சரிந்தன. இரும்பு வளையும் சத்தம், பிறகு டமாரென்று ஓர் அடி. நடுக்கதவின் தாழ்ப்பாள் போய்விட்டது.

“ஒண்ணுமில்ல. ஜெபம்.”

“எந்த ஜெபத்துல நான் கதவைத் திறக்கறேன்?”

டஸ்டின் செத்த விதத்தை நான் சொல்லவேண்டும். ஒரு மாவட்டத் திருவிழாவில், பட்டியின் ஒடுக்கமான சந்துக்குள் விழுந்த தோல்வாரை எடுக்க அவன் குனிந்தான். சந்தின் கோடியில் கதவு, கதவுக்குப் பின்னால் காளை. கதவின் கயிறு ஆர்லிஸ் கையில். டிரெய்லர் கதவுக்கு நேர்மாறு அது: கயிற்றைப் பிடித்திருந்தால் மூடியிருக்கும், விட்டால் திறக்கும். மேலே பலகையில் நின்ற வெண்டெல் மகனைப் பார்த்துவிட்டுக் கத்தினான். பக்கத்திலேயே டீசல் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் சரியில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று யாரும் அதை அணைப்பதில்லை. ஆர்லிஸ் கயிற்றை விட்டாள். காளை டஸ்டினைக் கம்பத்தோடு வைத்து நசுக்கியது. தூக்கும்போது அவன் நெஞ்சு என் கையில் மெத்தை மாதிரி அமுங்கியது. அதற்குமேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல வராது. தாழ்ப்பாள் நழுவிவிட்டது என்று வெண்டெல் ஷெரீஃபிடம் சொன்னான். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. நானும்தான்.

இப்போது வண்டிக்குள், பின்னால் காளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருக்க, இந்த இரண்டு பேரும் முதல் தடவையாக அதைப் பேசினார்கள். விடாதே என்றுதான் கத்தினேன் என்றான் வெண்டெல். விடு என்றுதான் கேட்டது, என் காதால் கேட்டேன் என்றாள் ஆர்லிஸ். வெண்டெலுக்கு முகம் சிவந்துபோனது.

“அப்ப தாழ்ப்பாள்னு நான் பொய் சொன்னது யாருக்காகன்னு நெனச்சே? உன்னைக் காப்பாத்த.”

“என்னையா? உன் தப்பை நீ மறைக்கறேன்னு நெனச்சு நான் வாயைக் கட்டிக்கிட்டு உன்னோட படுத்து எழுந்தேன்டா.”

சொல்லிக்கொண்டே அவன் காதோடு சேர்த்து ஒரு குத்து விட்டாள். அவன் தலை கண்ணாடியில் மோதியது. வண்டி கோடு தாண்டியது. டிரெய்லர் வாலை ஆட்டுவதுபோல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசியது. அவள் இரண்டாவது குத்தும் விட்டாள். நான் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். முழங்கையை என் வாயில் இறக்கினாள், முன்பல் ஒன்று ஆடிப்போனது. வெண்டெல் திருப்பி அடிக்கவில்லை. ஒரு கண்மேல் ரத்தம் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருந்தான்.

எதிர்க்காற்றில் பேட்டரியும் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அடுத்த ஊரில் மளிகைக்கடையின் பார்க்கிங்கில் சார்ஜர்கள் இருந்தன. அங்கே கொண்டுபோய்ச் சொருகினான். கார்கள் நிற்க வரிசையாகக் கட்டிய இடம், எங்கள் டிரெய்லர் அத்தனை சார்ஜர்களையும் அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. அரைக்கால் சட்டைக்காரர் ஒருவர் வந்து, இதற்கெல்லாம் முறை இருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் டிரெய்லரை எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் சந்தில் கண்ணை வைக்கப் போனபோது உள்ளேயிருந்து ஒரு கொம்பு தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து உள்ளே போனது. பாடம் அதோடு முடிந்தது.

உள்ளே பார்த்தால் கோரம். ஜாமீன் முன்பாதிக்குள் நுழைந்து பிரசங்கத்தை மூலையில் தள்ளி வயிற்றைக் கிழித்திருந்தது. கிழவன் முட்டி போட்டுக் கிடந்தான், குடல் தொங்கியது, அப்போதும் தலையை ஆட்டிக் குத்தப் பார்த்தான். சிவப்புகள் இரண்டும் பின்மூலையில் ஒண்டிக்கொண்டு சாணியாகக் கழிந்தன. பின்கதவைத் திறக்கலாம் என்றால் எதிரே பெண்களும் குழந்தைகளும் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருக்கிறார்கள். வேறு வழியில்லை, யாராவது உள்ளே போய் ஜாமீனைப் பின்பாதிக்குத் தள்ளவேண்டும். அது நடுக்கோட்டைத் தாண்டியதும் கயிற்றை விட்டால் கதவு அறைந்து மூடிவிடும். தாழ்ப்பாளுக்குப் பதிலாகச் சங்கிலி போட நான் வெளியே தயாராக நின்றேன்.

வெண்டெல் கம்பை எடுத்துக்கொண்டு முன்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே இறங்கினான். ஆர்லிஸ் கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்று சுற்றி இழுத்துப் பிடித்தாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்கள், கோபம் ஒரு பக்கம், கை தன் வேலையைச் செய்யும்.

வெண்டெல் ஜாமீனின் மூக்கிலேயே அடித்தான். அது சீறிக்கொண்டு தலையை வீசியது. மறுபடி அடித்தான், கம்பு முறிந்தது, முறிந்த கம்பாலேயே கண்ணுக்குக் கீழே குத்தினான். அது ஓர் அடி பின்வாங்கியது. இன்னும் ஓர் அடி. கடையின் வாசலில் யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் சத்தமே இல்லை, சார்ஜர் மட்டும் கொசு மாதிரி ரீங்கரித்தது.

“விடாதே,” என்றான் வெண்டெல். “விடாதே. விடாதே.”

கயிறு அசையவில்லை. ஜாமீனின் முன்காலும் கோட்டைத் தாண்டியது.

“விடு.”

தெளிவாகச் சொன்னான். எனக்குக் கேட்டது. வாசலில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் சங்கிலியோடு கையை உயர்த்தினேன். கதவு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஆர்லிஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிறு எங்கேயும் சிக்கியிருக்கவில்லை. சந்து வழியாகப் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாமீன் தலையைத் தாழ்த்தி வந்து அவனைத் தகட்டோடு வைத்து அறைந்தது. உலர்ந்த விறகு ஒடிகிற சத்தம் அடுத்தடுத்து வந்தது. வெண்டெல் கத்தக்கூட இல்லை, மூச்சு மட்டும் வெளியே வந்தது. காளை இன்னொரு இடிக்காகப் பின்னால் போனது. அப்போதுதான் ஆர்லிஸ் கயிற்றை விட்டாள். கதவு அதன் முகத்தில் அறைந்து மூடியது. நான் சங்கிலியைப் போட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் அவனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்துத் தார்த்தரையில் போட்டோம். வாயோரம் நுரையோடு ரத்தம் வந்தது. ஆர்லிஸ் அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கேயே அவளை அடித்திருப்பேன். ஆனால் வெண்டெல் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்தான்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நான் சொன்னதுமேவா?”

“சொன்னதுமே. நல்லாக் கேட்டுச்சு.” அவள் குரல் உடைந்துபோனது. “இன்னிக்குக் கேட்டும் விடல, வெண்டெல். அன்னிக்குச் சரியாக் கேக்கவே இல்ல.”

 அவளுடைய கட்டைவிரல் இல்லாத கையை அவன் தேடிப் பிடித்துக்கொண்டான். இருவரும் அழுதார்கள். டஸ்டினைப் புதைத்த அன்றைக்குக்கூட இவர்கள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. என் கோபத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, போய்ச் சிவப்புக் காளைகளைப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் வெண்டெலை ஏற்றிக்கொண்டு போனது. ஷெரீஃபின் டெபுடி ஒருவர் வந்து, டிரெய்லருக்குள் குனிந்து, பிரசங்கத்தின் நெற்றியில் சுட்டார். மளிகைக்கடைக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜாமீனும் சிவப்புகளும் வேறொருவர் டீசல் வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தன. அந்த உறுமல் கேட்டதும் ஜாமீன் ஆட்டுக்குட்டியாக நின்றது.

ஆஸ்பத்திரியில், எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். காளை என்றான் வெண்டெல், அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலா எலும்புகள் நொறுங்கி ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. ஆர்லிஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நர்ஸ் வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு அவள் பார்த்த பார்வையில் நர்ஸே ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்தபிறகு டேட் வந்தான். கையில் பூங்கொத்து, முகத்தில் பயம். கம்பெனிக்காரர்கள் வண்டிக்குள் கிடந்த ரத்தக்கறையைப் பற்றிக் கேட்கிறார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், பெயர் பதிகிற பேச்சையே நான் எடுக்கமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். ஆர்லிஸ் வெண்டெலைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து இந்த வண்டிக்கு முதலில் ஆசைப்பட்டவன் அவன், எதிர்த்தவள் அவள். அவனுக்கு இனி வேண்டியிருக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

“பதிஞ்சுக்கோ,” என்றான் வெண்டெல். மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது.

டேட்டுக்கு வாய் குழறியது. அது காளைக்கு ஒத்துவராது என்று அவனே சொன்னான், விற்பனைக்காரன் தன் சரக்கைப் பற்றி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. காளைகளை விற்றுவிடலாம் என்றான் வெண்டெல். பிரசங்கமும் போய்விட்டது, ஜாமீனை வாங்க ஆள் இருக்கிறது, வைக்கோலும் தண்ணீர்த்தொட்டியும் இழுக்க அந்த வண்டி தாராளமாகப் போதும். சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் வாயருகே குனிந்தாள்.

“வாயைத் திறந்து சொல்லு,” என்றாள். “முணுமுணுத்தே, மிச்சமிருக்கற விலா எலும்பையும் நானே ஒடிப்பேன்.”